வெள்ளித்திரையும் வளைகோடும்



திரைப்படம் ஒன்றில் மலைமுகட்டின் விளிம்பிலே ஒருவன் நிற்கக் காண்கிறோம். அவனுக்குப் பின்னே பள்ளத்தாக்கும் பனிமூட்டமும் தோன்றுகின்றன. உண்மையில் அவன் நின்ற இடம் ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் முற்றம். மலை வேறோரிடத்தில் வேறொரு நாளில் எடுக்கப்பட்டது. அல்லது ஓவியர் ஒருவர் தீட்டியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியவர் யார்? அவனுடைய உடல் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று எல்லை வகுத்துக் கோடு போட்டவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கோட்டைப் பற்றியதே இன்றைய பேச்சு. அது நம் கண்ணிற்பட்டால் அவர் தோற்றார், படாதிருந்தால் வென்றார். வென்றவரை யாரும் அறியமாட்டார்கள் என்பதுதான் இத்தொழிலின் புதுமை.

இரு படங்களை ஒரே படமாக்கும் ஆசை திரைப்படக் கலையோடு உடன் பிறந்தது. பிரெஞ்சு நாட்டினரான ஜார்ஜ் மெலியே என்பவர் 1898-இல், தம் தலையைத் தாமே கழற்றி மேசைமீது வைப்பதாக ஒரு சிறு படம் எடுத்தார். கரிய பின்னணிக்கு எதிரே ஒரு பகுதியைப் படம் பிடித்து, அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதன்மேல் மீண்டும் படம் பிடித்தார். கறுப்பிலிருந்து ஒளி வாராது. ஆதலின் அவ்விடத்துச் சுருள் வெறுமையாகவே இருந்து, அடுத்த படத்தை ஏற்றுக்கொண்டது. 1903-இல் அமெரிக்கரான எட்வின் போர்ட்டர் ரயில் கொள்ளையைப் பற்றிய தம் படத்தில், தந்தி அறையின் சன்னலுக்கு வெளியே ரயில் வண்டி ஓடுவதைக் காட்டினார். சன்னலை மறைத்து அறையை ஒருமுறையும், அறையை மறைத்துச் சன்னலை மறுமுறையும் எடுத்தால் இது கைகூடும். வேண்டாத இடத்தில் ஒளி படாமற் காக்கும் அந்த மறைப்பையே திரைப்படத் தொழிலாளர் 'மாஸ்க்' என்கின்றனர். ஒரே நடிகர் இரு வேடம் பூண்டு, தமக்கு எதிரே தாமே நின்று பேசும் காட்சிகளை நம் நாட்டிலும் மக்கள் வியந்து பார்த்தார்கள். படக்கருவியின் வில்லையில் ஒரு பாதியை மூடி எடுத்து, பின்னர் மறுபாதியை மூடி எடுப்பதே அத்தகைய காட்சிகளுக்கு வழக்கமான உபாயம்.

ஆனால் அந்த மறைப்பு அசையாதது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை மறைந்துவிடும். அசையும் மனிதனை வெட்டியெடுக்க வேண்டுமாயின், அவனோடு சேர்ந்து மறைப்பும் அசைதல் வேண்டும். அமெரிக்காவில் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்பவர் அசையும் மறைப்புக்கு ஒரு வழி கண்டு, 1918-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலே, மாக்ஸ் ஃபிளைஷர் என்பவர் வேறொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எடுத்த படத்தை ஒவ்வொரு சட்டமாகக் கண்ணாடியில் விழச் செய்து, உருவத்தின் ஓரத்தைக் கையால் வரைந்துகொள்ளும் கருவி அது. அதன் பெயர் 'ரோட்டாஸ்கோப்'. கேலிச்சித்திரப் படங்களுக்காகப் பிறந்த அம்முறை, நாளடைவில் மறைப்பு வரைவோரின் முறையாயிற்று. இன்றும் அவ்வேலைக்கு 'ரோட்டோ' என்றே பெயர். 1963-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'பறவைகள்' என்னும் படத்தில், வானிலிருந்து ஊரைக் காணும் காட்சி ஒன்றுண்டு. அதிலே பறக்கும் கடற்காக்கைகள் இவ்வாறு ஒவ்வொரு சட்டமாகக் கையால் வரைந்தெடுக்கப்பட்டவையே.

இதிலுள்ள இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். பத்து நொடிக் காட்சிக்கு 240 சட்டங்கள். ஒரே தோளை ஒருவர் 240 முறை வரைகிறார். எத்துணைக் கைதேர்ந்தவராயினும் ஒருமுறை வரைந்த கோடு மறுமுறை வரைந்த கோட்டோடு மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்க முடியுமா? அந்த மயிரிழை பெருந்திரையிலே விரலளவாகிறது. நொடிக்கு 24 முறை கோடு இங்குமங்கும் பிறழுங்கால், உருவத்தின் ஓரம் கொதிக்கும் நீரின் மேற்பரப்பைப்போல் துடிக்கிறது. ஒவ்வொரு சட்டத்தையும் தனியே நிறுத்திப் பார்த்தால் குற்றமில்லை; ஓடவிட்டுப் பார்த்தால் எல்லாம் குற்றம். நடிகரின் நடிப்பும் ஓவியரின் மலையும் ஒளி அமைத்தவரின் உழைப்பும் இந்த ஒரு துடிப்பால் பொய்யாகிவிடுகின்றன. ஆதலின் வேண்டப்படுவது சரியான கோடு மட்டுமன்று. காலத்திலும் நடுங்காத கோடு.

அக்கோட்டைத் தந்தது கப்பல் தொழில் என்றால் வியப்பீர்கள். பழங்காலக் கப்பற் தச்சர், கப்பலின் பக்கவளைவை வரைவதற்கு, வளையக்கூடிய மெல்லிய நீண்ட மரச்சட்டம் ஒன்றைக் கொண்டிருந்தனர். அதனைச் சில இடங்களில் மட்டும் ஈயக் கட்டிகளால் நிறுத்துவர். இடைப்பட்ட இடங்களில் அச்சட்டம் தன் இயல்பான விறைப்பினால் தானே வழுவழுப்பாக வளைந்துகொள்ளும். அச்சட்டத்துக்கு 'ஸ்ப்லைன்' என்று பெயர். 1946-இல் கணித அறிஞர் ஐசக் ஷோன்பெர்க் இப்பெயரைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். 1959-இல், சிட்ரோயன் மோட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய பால் த காஸ்தெல்ஜோ, சில புள்ளிகளைக் கொண்டே மோட்டார் வண்டியின் வளைவுகளை வரைய ஒரு முறை கண்டார். நிறுவனம் அதனை மறைத்து வைத்தது. 1960-களில் ரெனோ நிறுவனத்தைச் சேர்ந்த பியர் பெசியே அத்தகைய வளைகோட்டைத் தனித்துக் கண்டு வெளியிட்டார். ஆதலின் கோட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. வண்டியின் உடலை வரையப் பிறந்த பெசியே கோடுதான் இன்று நடிகரின் உடலைச் சுற்றி வரையப்படுகிறது.

வானொலியில் படம் காட்ட இயலாது. எனினும் ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தால், அக்கோட்டை நீங்களே வரைந்துவிடலாம். அ, ஆ, இ, ஈ என நான்கு புள்ளிகளை இடுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளை மூன்று நேர்கோடுகளால் இணையுங்கள். ஒவ்வொரு நேர்கோட்டின் நடுவையும் குறியுங்கள். மூன்று நடுப்புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்து, அவ்விரு கோடுகளின் நடுவையும் குறியுங்கள், இரண்டு கிடைக்கும். அவ்விரண்டையும் இணைத்து அதன் நடுவைக் குறியுங்கள். எஞ்சிய அந்த ஒரு புள்ளி வளைகோட்டின்மேல் இருக்கும். பாதிக்குப் பதிலாகக் கால், முக்கால் என்று வேறு விகிதங்களில் இதையே செய்தால், அ-வில் தொடங்கி ஈ-யில் முடியும் வளைவு தாளில் மெல்ல எழுந்து வரும். நடுவிலுள்ள ஆ, இ என்னும் புள்ளிகளைக் கோடு தொடுவதில்லை. அவை கோட்டைத் தம்பால் இழுக்கும் கைப்பிடிகள் மட்டுமே.

இன்னொரு வகை வளைகோடும் உண்டு. அது 'பி ஸ்ப்லைன்'. இதனை விளக்க நம் வீட்டு வாசலே போதும். கோலத்தில் இரு வகை அறிவீர்கள். ஒன்றிலே கோடு புள்ளியிலிருந்து புள்ளிக்குச் செல்லும். மற்றொன்றாகிய நெளிகோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாமல் அவற்றின் அருகே வளைந்து வளைந்து செல்லும். பெசியே கோடு முதல்வகைக்கு உறவு. பி ஸ்ப்லைன் இரண்டாம் வகைக்கு உறவு. பி ஸ்ப்லைனில் வழக்கமான வகையை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு புள்ளிக்கு அருகிலும் கோடு செல்லும் இடத்தைக் கணக்கிடலாம். அப்புள்ளியின் நான்கு பங்கு, அதன் இருபுறத்துப் புள்ளிகளின் ஒவ்வொரு பங்கு. ஆக ஆறு பங்கையும் கூட்டி ஆறால் வகுத்தல் வேண்டும். இருபுறப் புள்ளிகள் தரையிலும் நடுப்புள்ளி 6 அங்குல உயரத்திலும் இருந்தால், கோடு 4 அங்குலம் வரையே எழும்பும். ஒரு புள்ளி சற்றுத் தவறினாலும் அதன் அயலார் இருவரும் அத்தவற்றைத் தணிக்கின்றனர். ஆதலின் கன்னம், தோள், துணியின் மடிப்பு ஆகிய மென்மையான ஓரங்களுக்கு பி ஸ்ப்லைன் ஏற்றது. மேசையின் முனை, கட்டடத்தின் மூலை ஆகியவற்றுக்குக் கைப்பிடியை முறித்துக் கூர்மை காட்டக்கூடிய பெசியே கோடே ஏற்றது.

இனி, தொழிலின் உயிரான செய்திக்கு வருவோம். புதிதாகப் பயில்வோர், புள்ளிகள் மிகுந்தால் மறைப்பு உருவத்தோடு நன்கு பொருந்தும் என்று எண்ணுவர். ஒரு சட்டத்துக்கு அது மெய். படம் ஓடத் தொடங்கியதும் அவ்வெண்ணம் பொய்த்துவிடுகிறது. தோளுக்கு ஐந்து புள்ளி போதுமாயிருக்க, இருபது இட்டவர், அவ்விருபதையும் காலம் முழுவதும் காவல் காக்க வேண்டியவராகிறார். ஒவ்வொன்றும் தனித்தனியே பிசகும். கோடு மீண்டும் நடுங்கும். கப்பல் தச்சன் ஈயக் கட்டிகளை நெருக்கி வைத்தால் மரச்சட்டத்தின் இயல்பான வளைவு கெட்டுவிடுவது போன்றதே இது. வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தல் வேண்டும். ஏனைய இடத்தைக் கோட்டின் இயல்புக்கே விட்டுவிடுதல் வேண்டும். மனித உருவம் முழுவதையும் ஒரே கோட்டால் சுற்றுவதும் தவறு. தலை, உடல், மேற்கை, முன்கை, விரல்கள் என்று மூட்டுக்கு மூட்டுத் தனி வடிவங்களாக வகுத்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு அமைப்பர். உடலை அறிந்தவரே உடலின் ஓரத்தை அறிவார்.

இடத்திற் சிக்கனம் போலவே காலத்திலும் சிக்கனம் வேண்டும். கணிப்பொறியில் எல்லாச் சட்டங்களிலும் வரைய வேண்டுவதில்லை. அசைவு தொடங்கும் சட்டம், திரும்பும் சட்டம், நிற்கும் சட்டம் ஆகியவற்றில் வடிவத்தை அமைத்தால், இடைப்பட்டவற்றைப் பொறியே நிரப்பும். இவ்வாறு அமைத்த சட்டங்களைத் தொழிலில் 'கீ ஃபிரேம்' என்பர். ஆனால் பொறி அறிவுடையதன்று. ஒரு புள்ளி இங்கிருந்து அங்கே செல்லவேண்டும் என்றால், அது குறுக்கே நேர்வழியில் கொண்டுபோகும். ஒருவன் கீழே தொங்கிய கையைப் பக்கவாட்டில் நேராக உயர்த்துகிறான் என்று கொள்வோம். கை தோளை மையமாகக் கொண்டு வட்டத்தின் காற்பகுதியைக் கடக்கிறது. விரல்நுனியோ, பொறியின் கணக்கில், தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் நேர்கோட்டில் செல்கிறது. அக்கோட்டின் நடுவிலே தோளிலிருந்து விரல்நுனிக்குள்ள தொலைவு, கையின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கே! மறைப்பு சுருங்கிவிட, விரல்கள் வெளியே துண்டுபட்டு நிற்கும். இதற்கு மருந்து, புள்ளிகளைத் தனித்தனியே இழுக்காமல், கைவடிவம் முழுவதையும் தோளை அச்சாகக் கொண்டு சுழற்றுவது. முதலில் முழு அசைவு, பின்னர் பகுதி அசைவு, இறுதியிலேதான் புள்ளியின் அசைவு. இதுவே சரியான வரிசை. முழங்கையில் வைத்த புள்ளி இறுதிச் சட்டம் வரையில் முழங்கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். புள்ளி உடலின்மேல் நழுவினால் ஓரம் ஊர்வதுபோல் தோன்றும்.

மறைப்பு முடிந்ததும் பொறிக்கு அது ஒரு படமன்று, எண்களின் தொகுதி. உருவம் உள்ள இடத்தில் 1. இல்லாத இடத்தில் 0. ஓரத்திலே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பின்னங்கள். படத்தோடு இவ்வெண்ணையும் நான்காம் பகுதியாகச் சேர்த்து வைக்கும் கருத்தை 1970-களின் இறுதியில் எட்வின் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்னும் இருவர் வகுத்து, அதற்கு 'ஆல்ஃபா' என்று பெயரிட்டனர். இரு படங்களைச் சேர்க்கும் கணக்குமுறைகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவர் 1984-இல் ஒழுங்குபடுத்தினர். விதி எளிது: முன்படத்தை மறைப்பின் எண்ணால் பெருக்குக, பின்படத்தை, ஒன்றிலிருந்து அவ்வெண்ணைக் கழித்த மிச்சத்தால் பெருக்குக, இரண்டையும் கூட்டுக. முன்படத்தின் ஒளி 0.8, பின்படத்தின் ஒளி 0.2, ஓரத்தில் மறைப்பு 0.5 என்றால், 0.4-உம் 0.1-உம் சேர்ந்து 0.5 ஆகும். ஓரம் இருவர்க்கும் பொதுவாகிறது.

அப்பின்னங்களை வேண்டுமளவு விரிப்பதே ஓரத்தை மென்மையாக்கல். 'ஃபெதர்' என்பது தொழில்வழக்கு. இறகின் ஓரம் காற்றில் கரைவது போன்றது என்பதனால் அப்பெயர். ஆயினும் எங்கும் ஒரே அளவு மென்மை கூடாது. படக்கருவியின் குவியத்தில் உள்ள முகத்தின் ஓரம் கூர்மையாகவும், குவியத்துக்கு அப்பாற்பட்ட தோளின் ஓரம் மங்கலாகவும் இருக்கும். விரைந்து வீசும் கையோ, வீசிய திசையில் மட்டும் கலங்கியிருக்கும். நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் கருவியின் கண் திறந்திருப்பின், அதற்குள் கை கடந்த தொலைவு முழுவதும் அச்சட்டத்தில் பதிவாகிறதன்றோ? மறைப்பும் அவ்வாறே கலங்குதல் வேண்டும். மயிரிழைகளை மட்டும் வளைகோட்டால் சுற்ற முடியாது. அங்கே பச்சைத் திரையின் நிறத்தைக் கொண்டு பிரிக்கும் முறையே துணை. வளைகோடு உட்பகுதியை நிரப்பவும், வேண்டாத புறப்பகுதியை விலக்கவும் உதவும்.

இவையனைத்தும் எங்கே இணைகின்றன? வயலுக்கு நீர் பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து வாய்க்கால் பிரிகிறது. மதகு ஒன்று நீரைத் தடுக்கிறது, ஒன்று திருப்புகிறது. இரு வாய்க்கால்கள் கூடி ஒரு வயலை அடைகின்றன. கணிப்பொறியிலும் படங்கள் இவ்வாறே கணுக்களின் வழியே பாய்கின்றன. ஒவ்வொரு கணுவும் ஒரே தொழிலைச் செய்யும்: ஒன்று படத்தைக் கொண்டுவரும், ஒன்று மறைப்பை வரையும், ஒன்று மங்கலாக்கும், ஒன்று இரண்டையும் சேர்க்கும். தொழிலில் இதனை 'நோட்' என்பர். 1993-இல் டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தில் பிறந்த 'நியூக்' என்னும் மென்பொருள் இம்முறையினது. விலையின்றிக் கிடைக்கும் 'பிளெண்டர்' மென்பொருளுக்கு, 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்னும் குறும்படம் உருவான காலத்தில், வளைகோட்டு மறைப்பு வரையும் வசதி சேர்க்கப்பட்டது. பொருள் வசதியற்ற மாணவரும் பயில அது வழி திறந்தது.

கணுமுறையின் நன்மை, மூலப்படம் கெடுவதில்லை என்பது. எந்தக் கணுவில் பிழை நேர்ந்ததோ அங்கே மட்டும் திருத்தினால் போதும். கீழுள்ளவை யாவும் தாமே திருந்தும். ஆனால் வரிசை பிறழ்ந்தால் தீங்கும் உண்டு. முற்கூறிய கணக்கிலே, மறைப்பால் ஒருமுறை பெருக்கிய முன்படத்தை, மற்றொரு கணு மீண்டும் பெருக்கிவிட்டால் என்னாகும்? 0.4 என்பது 0.2 ஆகிவிடும், ஓரத்தின் ஒளி 0.5-க்குப் பதிலாக 0.3. உருவத்தைச் சுற்றிக் கரிக்கோடு இழுத்ததுபோல் ஒரு கருமை படரும். கோடு எவ்வளவு சிறப்பாயினும், மதகு மாறினால் பயிர் கெடும்.

உலகத் திரைப்படங்கள் பலவற்றின் ரோட்டோ வேலை இன்று சென்னை, ஹைதராபாத், மும்பை முதலிய நம் நகரங்களில் இளைஞர்களின் கைகளால் நடைபெறுகிறது. இருண்ட அறையில், யாரோ ஒரு நடிகரின் தோளையும் காதையும் சட்டம் சட்டமாகப் பின்தொடர்கிறார்கள். இது பயிற்சிக்குரிய தொடக்க வேலை என்றும், கலையுணர்வு வேண்டாத எந்திர வேலை என்றும் கருதுவோர் உளர். அக்கருத்து சரியன்று. இப்போது, படத்தைப் பார்த்து உருவத்தைத் தானே பிரிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. 2023-இல் மெட்டா நிறுவனம் அத்தகைய ஒன்றை வெளியிட்டது. அவை முதல் வரைவை நொடியில் தருகின்றன. ஆனால், சட்டத்துக்குச் சட்டம் தனித்தனியே எல்லை வகுக்கும் எம்முறையும் பழைய கைவரைவின் நோய்க்கு ஆட்படக்கூடியது. ஒவ்வொரு சட்டத்திலும் சரி, ஓட்டத்திலே துடிப்பு. அத்துடிப்பைக் கண்டு, எங்கே ஐந்து புள்ளி போதும் என்று தெளிந்து, கோட்டை அமைதிப்படுத்துபவர் மனிதரே. கருவி மாறலாம், ஓரத்தை மதிப்பிடும் கண்ணுக்கு வேலை மாறுவதில்லை.

இத்தொழிலில் விருப்பமுடைய மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கிறேன். உங்கள் இடக்கையைத் தாளின்மேல் வைத்து அதன் ஓரத்தை வரையுங்கள். பின்னர், அவ்வோரத்தை மீண்டும் அமைக்க எத்தனை புள்ளிகள் இன்றியமையாதவை என்று எண்ணி, அவற்றை மட்டும் குறியுங்கள். ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். மற்றொன்றையும் குறைத்துப் பாருங்கள். இனிக் குறைத்தால் கை கையாக இராது என்னும் இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள். அந்த எண்ணிக்கையைக் கண்டுகொண்டவர், நடுங்காத கோட்டின் இரகசியத்தை அறிந்தவர். அடுத்தமுறை திரையரங்கில் மலைமுகட்டின்மேல் நிற்பவனைக் காணுங்கால், அவனுடைய ஓரத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். அங்கே ஒன்றும் தெரியவில்லையாயின், பெயர் அறியாத அந்தத் தொழிலாளரை மனத்தால் பாராட்டுங்கள்.